இருபத்து மூன்றாம் பலகை

என் ஸ்டூடியோவுக்கு நான் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் காதுக்கடை. அடையாள அட்டைப் படத்தில் இரண்டு காதும் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது விதி. முடியை ஒதுக்குங்க, முகத்தைத் திருப்பாதீங்க, இந்தப் பக்கத்துக் காது தெரியல என்று பதினைந்து வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தினமும் நாற்பது காது பார்க்கிறவனுக்கு வேறென்ன வரும்?

கடை, நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் ஹாட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றின் மேலே தொங்கு பாலம். இந்தக் கரையில் பஜார், பஸ் ஸ்டாண்டு, தோட்டத்து ரப்பர் பால் நிறுக்கும் மடுவம். எஹலியகொடைக்கும் இரத்தினபுரிக்கும் போகும் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே திரும்புவதும் இங்கேதான். அந்தக் கரையில் ரப்பர் மலையும், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களும். இரண்டு பக்கமும் கம்பம், கம்பத்துக்குக் கம்பம் இரும்புக் கயிறு, கயிற்றில் தொங்கும் பலகைகள். நடந்தால் ஆடும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இன்னும் நன்றாக ஆடும்.

என் மனைவி பால் வெட்டுகிறாள். விடியற்காலையில் மரங்களில் கத்தி போட்டுவிட்டு, பத்து மணி போல் சிரட்டைகளில் சேர்ந்த ரப்பர் பாலை இரண்டு வாளிகளில் ஊற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து மடுவத்துக்கு வருவாள். அந்த டிவிஷனில் பால் வெட்டும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. என் வழி வேறு. நான் மோட்டார் சைக்கிளில் மூன்று மைல் சுற்றி, மெயின் ரோட்டுப் பாலம் வழியாக வருவேன். கேட்டால், "பைக்க எங்க விடுறது?" என்று சொல்லிவிடுவேன். நல்ல பதில். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

உண்மை என்னவென்றால், எனக்கு அந்தப் பாலம் என்றால் பயம். கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை கடந்திருக்கிறேன். டவுன் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பெண் வீட்டுக்குப் போகும்போது, அவள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் போனேன். மாப்பிள்ளைக்கு என்ன வெட்கம் என்று பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் வெட்கம் என்றே வைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகை மழையில் பாலத்தின் பலகை ஒன்று உடைந்தது. உடைந்தது என் மனைவியின் காலுக்குக் கீழே. ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு வாளிப் பாலும் ஆற்றில். பின்னால் வந்தவர்கள் தோளைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும், "ஆத்து மீனுக்கெல்லாம் இன்னைக்கு பால் குடுத்துட்டேங்க" என்று சிரித்தாள். மருந்து போடும்போது முகத்தைச் சுளித்தது நான்தான்.

சிரித்து முடித்த பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள். "சித்திர மழைக்கு இன்னும் ரெண்டு பலகை போகும். அப்ப கால் மட்டும் போகாதுங்க. நானும் சேந்து போயிருவேன்." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் அதே பாலத்தில் வாளியோடு வந்தாள்.

எங்கள் ஆட்கள் அந்த ஓட்டையில் பலகை அடித்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை அடித்தும் ஒரு வாரம் நிற்கவில்லை. பலகையைத் தாங்கும் குறுக்கு இரும்பே துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஏழெட்டுப் பலகை உளுத்துப் போயிருந்தன. பாலத்துக்குப் பொறுப்பான ஆபீசுக்குத் தலைவர் பெட்டிசம் எழுதினார். தலைவர் என்றால் எங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார், எழுதுவார். மூன்றாவது பெட்டிசத்துக்குப் பதில் வந்தது. பாலத்தின் நிலைமையை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். "தம்பி, நாலு பக்கமும் தெரியுற மாதிரி எடுத்துக் குடுங்க. நம்ம கையிலதான் ஆளு இருக்கே, நாம ஏன் வெளிய போகணும்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, காது இல்லாத ஒன்றைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்! மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு ஆற்றங்கரையில் அலைந்தேன். காலை வெயில் எங்கே விழுகிறது, மாலை நிழல் எங்கே போகிறது என்று பார்த்து ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன். கொழும்பில் இருக்கும் ஒரு கூட்டாளியிடம் கெஞ்சி நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிவந்தேன். எதற்காகப் படம் எடுக்கிறோம் என்பது அந்த மூன்று நாளில் என் தலையை விட்டுச் சுத்தமாகக் கழன்று போயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தன் கடையைப் பூட்டிக்கொண்டே நானா கேட்டார். "எனத்துக்கு தம்பி, ஒங்கட லயத்து ஆக்கள் இவ்வளவு சுண்ணாம்பு அள்ளிட்டுப் போற? கோயில் திருவிழாவா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சுண்ணாம்பு என்றால் என்னவென்று தெரியாதா? பெரிய துரை வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு. டாக்டர் வருகிறார் என்றால் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றாலே எங்கள் கை தானாக வெள்ளையடிக்கும் மட்டையைத் தேடும்.

விடிகாலை வெளிச்சத்துக்காக அன்றிரவு கடையிலேயே படுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கமராவும் கையுமாக ஜன்னலைத் திறந்தேன். பாலம் வெள்ளை வெளேரென்று நின்றது.

கம்பம் வெள்ளை. கைப்பிடிக் கம்பி வெள்ளை. பலகை எல்லாம் வெள்ளை. இரண்டு முனையிலும் வாழைமரம், மேலே மாவிலைத் தோரணம். டிவிஷன் முழுக்கத் தீபாவளிச் சேலையிலும் இஸ்திரி போட்ட சட்டையிலும் அங்கே நின்றது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று மைல் சுற்றி ஓடினேன்.

"என்னங்க தலைவரே இது?"

"ஆபீசுக்குப் போற படம் தம்பி. நாலு பெரிய மனுசங்க கண்ணுல படப் போறது. அழுக்கா இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"ஓட்ட எங்க?"

"அடச்சாச்சு!" என்றார், முகமெல்லாம் பெருமையாக. "கோயில் பந்தலுக்கு வச்சிருந்த கமுகஞ் சலாக. கம்பி போட்டுக் கட்டி, மேல சுண்ணாம்பும் அடிச்சாச்சு. கிட்டப் போயி பாத்தாக்கூட தெரியாது. படம் புடிச்சதும் கழட்டிருவோம், சலாக கோயிலுக்கு வேணும்."

அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். ஒரு காது மறைந்தாலே கத்துகிறவன், ஒரு ஓட்டையே மறைந்து நிற்கிறபோது வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் இலை பழுத்துக் கொட்டுகிற தை மாதம். மலை முழுக்கச் செம்பு நிறம். கீழே கறுப்பாக ஆறு. நடுவில் சுண்ணாம்பு வெள்ளையில் பாலம். எவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒன்று? தலைவரின் குற்றத்தில் பாதி என்னுடையது. கொஞ்சம் கூடுதலாகவே என்னுடையது என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் மலைக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் பாலம் சேலையில் கட்டிய தொட்டில் மாதிரி தெரிந்தது. அடுத்தது கீழே துணி துவைக்கிற பாறை. அங்கிருந்து ஆற்றிலும் ஒரு பாலம் தலைகீழாகத் தொங்கியது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீர் வற்றிய மணல் திட்டில் இறங்கி, அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தேன். கடைசியாக நானாவின் மொட்டைமாடி. பஜாரின் தகரக் கூரைகளுக்கு மேலே பாலம் அக்கரைக்குத் தாவுவது போல ஒரு படம்.

பாறையில் நின்று எடுக்கும்போது, "எல்லாரும் பாலத்துல நில்லுங்க, சும்மா நடந்து போற மாதிரி இருங்க" என்று கத்தினேன். கமராவை முகத்துக்குக் கொண்டுபோனதும் பாலத்தில் இருந்த அத்தனை பேரும் நடையை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்கள். எண்பது காது. சிரிப்பு தாங்காமல் முதல் படம் ஆடிப்போய்விட்டது.

என் மனைவி மட்டும் பாலத்துக்கு வரவில்லை. வேலைக்கு உடுத்துகிற பழைய சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். சலாகை வைத்து அடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள, நீயும் நில்லு."

"நான் வரலைங்க. நீங்க எடுங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் லயத்துக்குப் போய்விட்டாள்.

கடைக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கேதான் நான் செய்த பெரிய வேலை. முகத்தில் பரு இருந்தால் எடுத்துவிடுவது, கறுப்பைக் கொஞ்சம் வெளுப்பாக்குவது என் தொழில். டச்சப் என்று சொல்வோம். கை பழக்கத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிற வேலை. சுண்ணாம்பு எட்டாத இரும்புக் கயிற்றில் துரு திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு திட்டாக எடுத்துவிட்டேன். பாலம் கல்யாணப் பெண் மாதிரி ஆனது. பெரிய சைசில் பிரிண்ட் போட்டு உறையில் வைத்தேன்.

திங்கட்கிழமை தலைவரும் நானும் ஆபீசுக்குப் போனோம். பாலங்களைப் பார்க்கிற ஆபீசரை எல்லோரும் மாத்தயா என்பார்கள், ஐயா என்று அர்த்தம். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். படங்களை மேசையில் பரப்பியதும் எழுந்தே நின்றுவிட்டார். "ஹரி லஸ்ஸனய்!" என்றார். ரொம்ப அழகு என்று அவர் சொன்னதும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மே அபே பாலமத, இது நம்ம பாலமா, என்று ஒரு மிஸ் நம்பாமல் கேட்டார். யார் எடுத்தது என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்காத குறைதான்.

தலைவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். பலகை இல்லை, இரும்பு போய்விட்டது, பெண்கள் வாளியோடு போகிறார்கள் என்று நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். மாத்தயா படத்தின் மேல் விரலை வைத்தார். "கோ?" எங்கே, காட்டுங்கள் என்கிறார். தலைவர் படத்தில் தேடினார். நானும் தேடினேன். நாலு படத்திலும் தேடினோம். எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மாத்தயா பைலைத் திறந்து எங்கள் கண் முன்னாலேயே எழுதினார். பாலம் நல்ல நிலையில் உள்ளது, அண்மையில் வெள்ளையடிக்கப்பட்டுள்ளது. பைலை மூடிவிட்டு, மலையிலிருந்து எடுத்த படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டுவதற்குத் தர முடியுமா என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலைவர் சொன்னார். "ஒங்க படம் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி."

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்திர வர இன்னும் ரெண்டு மாசம்தாங்க இருக்கு" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. யார் காலுக்காக அந்தப் படமோ, அவளை விட்டுவிட்டு எனக்காக எடுத்திருக்கிறேன்.

அந்த வாரமே திரும்பவும் எடுக்கப் போனேன். தோரணம் வாடிப்போயிருந்தது. சலாகை கோயிலுக்குத் திரும்பிவிட்டது. ஓட்டை அதன் இடத்தில் இருந்தது. ஆனால் மழை இல்லாததால் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மலை, பாறை, மணல், மொட்டைமாடி என்று நாலு இடத்திலும் ஏறி இறங்கினேன். வேண்டுமென்றே உச்சி வெயிலில், கோணலாக, மங்கலாக எல்லாம் எடுத்தேன். எப்படி எடுத்தாலும் பாலம் அழகாகத்தான் வந்தது. ஓட்டை ஒரு படத்தில் பலகையின் நிழல் மாதிரி தெரிந்தது. இன்னொன்றில் தெரியவே இல்லை.

படங்களை ஒவ்வொன்றாக என் மனைவியிடம் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நடுவுல நின்னு ஒண்ணு எடுத்தீங்களா?"

"அங்கருந்து எடுத்தா பாலம் முழுசா விழாது. வெளிச்சமும் எதிர்ல வரும். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"எனக்கு வெளங்காதா? கண்ண மூடிக்கிட்டு வந்த மாப்பிள்ளைய கையப் புடிச்சு கூட்டிட்டு வந்தவ நானு. பதினஞ்சு வருசமா பைக்க எங்க விடுறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. நானும் சரின்னு இருக்கேன்."

படங்களைப் பொறுக்கி உறையில் போட்டேன்.

"எல்லா எடத்துல இருந்தும் பாத்துட்டீங்க. நான் தெனம் பாக்குற எடத்துல இருந்து ஒரு தடவ பாருங்களேன்."

அடுத்த நாள் பத்து மணிக்கு அக்கரை முனையில் போய் நின்றேன். பெண்கள் வாளிகளோடு மலையிலிருந்து இறங்கினார்கள். கமராவைக் கழுத்தில் மாட்டியிருந்த என்னைப் பார்த்ததும் அவர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அந்த லயத்தில் பெண் எடுத்தவன் என்பதால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் நான் மாப்பிள்ளை. என் மனைவி முன்னால் நடந்தாள். நான் பின்னால். எனக்குப் பின்னால் மற்றவர்கள்.

நாலு அடியில் பாலம் ஆட ஆரம்பித்தது. இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு அவள் முதுகை மட்டும் பார்த்து நடந்தேன். அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். பாலத்தில் போகும்போது அவள் உதடு அசைவதைக் கடை ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். முருகன் பேரைச் சொல்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பக்கத்தில் போனபிறகுதான் காதில் விழுந்தது. "பதினெட்டு... பத்தொம்பது... இருவது..."

"என்னத்த எண்ணுற?"

"பேச்சுக் குடுக்காதீங்க, தப்பிரும்."

இருபத்திரண்டில் நின்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு கையிலும் இரண்டு பெரிய வாளி. இரண்டும் முட்டிக்கு முன்னால் வந்து பாதத்தை மறைக்கின்றன. குனிந்தால் பால் சிந்தும். அந்த ஓட்டை அவள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பலகையை எண்ணி எண்ணித்தான் தினமும் அதைக் கண்டுபிடிக்கிறாள். வலது காலை நீட்டினாள். பெருவிரலால் காற்றைத் தடவினாள். இடது பாதத்தின் விரல்கள் இருபத்திரண்டாம் பலகையின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தன. நான் இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பெண்ணின் கால் அது. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உட்கார்ந்தேன். பிறகு குப்புறப் படுத்துவிட்டேன். படுத்தால் ஆட்டம் கொஞ்சம் குறைவு. கமராவைப் பலகை மட்டத்துக்கு வைத்தேன். கவ்விய விரல்கள், அந்தரத்தில் ஒரு கால், நடுவில் ஓட்டை, உதிர்ந்த குறுக்கு இரும்பு, கீழே வெகு ஆழத்தில் கல்லும் தண்ணீரும். வாளியிலிருந்து ஒரு சொட்டுப் பால் ஓட்டை வழியாக விழுந்தது. அழுத்தினேன். அவள் தாண்டி, "இருவத்திநாலு" என்று சொன்னாள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது.

"மாப்ள, எந்திரிங்க! பால் ஒறையுது!"

"அங்கேயே படுக்கப் போறீங்களா? பாய் கொண்டு வரவா?"

ரப்பர் பாலுக்குக் காத்திருக்கத் தெரியாது. நேரமானால் வாளியிலேயே கட்டியாகிவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை கம்பியை விடமாட்டேன் என்கிறது. என் மனைவி பஜார்க் கரைக்குப் போய் வாளிகளை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினாள். முழுக் கையை அல்ல, சுண்டு விரலை.

"இந்த தடவ கண்ண தொறந்து வைங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டு தாண்டினேன். கீழே பார்த்தேன். பாலம் கொள்ளாத சிரிப்பு பின்னாலிருந்து கேட்டது.

அந்தப் படத்துக்கு டச்சப் செய்யவில்லை. மவுசைத் தொடக்கூட இல்லை. பிரிண்ட் போட்டுக்கொண்டு திரும்ப ஆபீசுக்குப் போனோம். சுவரில் என் முதல் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இதைப் பார்த்து மாத்தயா எழுந்து நிற்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"மே கவுத?" இது யார் என்று அந்தக் காலைக் காட்டிக் கேட்டார்.

"மகே நோனா" என்றேன். என் மனைவி என்று சொல்லிவிட்டுப் படத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

மாத்தயா பழைய வரியைப் பேனாவால் வெட்டினார். புதன்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "பெரிய ஆபீசர் வர்றாரு தம்பி. கம்பத்துக்கு மட்டுமாவது ஒரு கை..." நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆனாலும் எனக்குச் சந்தேகம்தான். நேராக நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை தலைவர் நைசாகக் கடைக்கு வந்திருக்கிறார். நானா, முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த சுண்ணாம்பு மூட்டைகளில் சாய்ந்துகொண்டே, "சுண்ணாம்பு முடிஞ்சி தலைவர், இனி அடுத்த மாசம்தான்" என்றாராம்.

மாத்தயா வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தாவது பலகை வரைக்கும் நடந்தார். அங்கே நின்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. சித்திரை மழைக்குப் பத்து நாள் முன்னால் புதுக் குறுக்கு இரும்பு, புதுப் பலகை எல்லாம் வந்து இறங்கின.

பலகை போட்டு முடித்த மறுநாள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள். இருபத்திரண்டு வந்ததும் ஒருத்தி காலை நீட்டித் தாண்டினாள். அடுத்தவளும் தாண்டினாள். என் மனைவியும் தாண்டினாள். ஓட்டை இல்லாத இடத்தை எல்லோரும் வரிசையாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நானா கீழேயிருந்து, "எனத்துக்கு தம்பி இவங்க பாயிற?" என்று கேட்டார்.

"புதுப் பலகதானே புள்ள, ஏன் தாண்டுற?" என்று வீட்டில் கேட்டேன்.

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குதே" என்றாள்.

இப்போது நான் பைக்கைக் கடையிலேயே விட்டுவிடுகிறேன். காலையில் வரும்போது தனியாக வருகிறேன், சாயங்காலம் அவள் பஜாருக்கு வந்திருந்தால் சேர்ந்து திரும்புகிறோம். போன மாதம் ஒரு நாள் வாளியோடு வருகிறவளுக்குப் பின்னால் நானும் வந்தேன். இருபத்திரண்டில் நின்றாள். வாளிகளைக் கீழே வைத்தாள். ஒரு காலை இருபத்து மூன்றாம் பலகையில் வைத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலையும் வைத்தாள். ஒரு தடவை மெதுவாகக் குதித்துப் பார்த்தாள். பாலம் முழுக்க ஆடியது, நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் எண்ணுவதில்லை, வாளியோடு பேசிக்கொண்டே நடந்துவிடுகிறாள்.

நான்தான் எண்ணுகிறேன். இருபத்திரண்டு வந்ததும் நின்று, காலை நீட்டித் தாண்டிவிடுகிறேன். அந்தப் பலகையை நான் இன்னும் மிதிக்கவில்லை.